படத்தில் ஒன்றுமில்லை

ஆறாம் நாள்

குட்டியின் அம்மாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் அவனும்தான். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எழுதுவது முறை. கேட்டுவிட்டேன்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. மறைத்து எழுதினால் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாய், அதனால் முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன். வாசலிலேயே செல்போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள், நாற்பது நாளும் கடிதம் மட்டும்தான் என்றால் அது வைத்தியசாலையா, ஜெயிலா? மனம் அமைதியாக இருந்தால்தான் எண்ணெய் உடம்பில் இறங்கும் என்று உன் அக்கா விளக்கம் சொன்னாள். நான் இருபத்தேழு வருடமாக வண்டிகளுக்கு எண்ணெய் ஊற்றுகிறவன். எந்த வண்டியிடமும் மனம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஊற்றியதில்லை.

வளையலை விற்ற பணம் உன்னுடையது. அதில் நான் வாய் வைக்கக் கூடாது. ஆனால் குட்டியின் பேட்டரி நாற்காலிக்கு என்று எடுத்து வைத்திருந்ததிலும் பாதியைக் கொண்டுபோனாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் உன் முதுகைப் படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, படத்தில் ஒன்றுமில்லை என்று நம் இருவருக்கும் நேராகத்தானே சொன்னார்? எலும்பு ஒழுங்காக இருக்கிறது, வலித்தால் மாத்திரை போடுங்கள் என்றார். அவ்வளவு படித்தவர் சொன்னது பொய், எண்ணெய் தடவுகிறவர் சொல்வது வேதம் என்றால் நான் என்ன செய்ய?

கிளம்புவதற்கு முந்தின நாள் நான் பேசியது கொஞ்சம் அதிகம்தான். நீயும் சும்மா இருக்கவில்லை. 'முதல்ல உங்க வாய்க்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்' என்றாய். சரி, அது போகட்டும்.

அலமாரிக் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன காகிதத்தைப் பார்த்துத்தான் எல்லாம் நடக்கிறது. எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், எந்தத் தோளைப் பிடிக்கக் கூடாது, குளிக்க வைக்கும்போது கழுத்துக்குப் பின்னால் எந்தத் துண்டு என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். அதில் பாதி எனக்குப் புதுச் செய்தி. ஒர்க்ஷாப்பைப் பதினோரு மணிக்குத் திறந்து நாலு மணிக்கு மூடிவிடுகிறேன். நடுவில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து பார்த்துக்கொள்கிறார். அந்த அம்மாவுக்கு நீ நன்றி சொல்லி ஒரு வரி எழுது, நான் சொன்னால் எனக்கு வராது.

பிறந்தபோது முழங்கை நீளம்கூட இல்லை என்று குட்டி என்று கூப்பிட ஆரம்பித்தோம். பத்தொன்பது வயதாகிவிட்டது, பெயர் மட்டும் வளரவில்லை. நேற்று அவனை ஒர்க்ஷாப்புக்கு அழைத்துப் போய், பக்கத்துப் பழைய இரும்புக் கடையின் எடை மேடையில் சக்கர நாற்காலியோடு நிறுத்தி, நாற்காலியைக் கழித்துப் பார்த்தேன். அறுபத்தொரு கிலோ. அவன் காலும் முதுகும் அவன் சொன்ன பேச்சைக் கேட்காது. அவன் வாய் நாம் சொன்ன பேச்சைக் கேட்காது. 'லோடு அதிகமாயிருக்கு, போலீஸ் பிடிக்கும்' என்று எடை மேடைக்காரரிடம் அவனே சொன்னான்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து திரும்ப என்று ஒரு நாளில் எத்தனை தடவை அவனைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று இத்தனை வருடத்தில் நான் எண்ணியதே இல்லை. இப்போது எண்ணினேன். பதினொன்று. பரவாயில்லை, நான் இரும்பு தூக்கிப் பழகியவன். இன்னும் முப்பத்துநாலு நாள்தானே, ஓட்டிவிடுவேன். நீ எண்ணெயில் நன்றாக ஊறு.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா


பதினைந்தாம் நாள்

குட்டியின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. வலி பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது, எழுந்து உட்காரும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை என்று எழுதியிருந்தாய். குட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.

நான் ஒரு விஷயம் சொன்னால் சிரிக்கக் கூடாது. ஒன்பதாம் நாள் காலை அவனைக் குளியலறை முக்காலியிலிருந்து தூக்கி நாற்காலிப் பக்கம் திரும்பும்போது என் இடுப்பில் சுளீர் என்றது. அவனைக் கீழே போடவில்லை, பயப்படாதே. நாற்காலியில் வைத்துவிட்டேன். பிறகு நான் தரையில் படுத்தவன் முக்கால் மணி நேரம் எழவில்லை. அவன் மேலே உட்கார்ந்தபடி, நான் கீழே கிடந்தபடி, தையல்காரம்மா வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். அதே டாக்டர், அதே இருட்டு அறை. படத்தை அதே மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, படத்தில் ஒன்றுமில்லை என்றார். என்னால் மேஜையைப் பிடிக்காமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. டாக்டர், உயிர் போகிறது என்றேன். மாத்திரை எழுதித் தந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குட்டி மேலும் கீழும் பார்த்தான். 'படத்துல ஒண்ணும் இல்லையா? அப்ப உங்களுக்கு வலி இல்லப்பா. வேலை செய்ய மனசில்ல' என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நீ கிளம்புவதற்கு முந்தின நாள் நான் உன்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது, ஒரு எழுத்து பிசகவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சண்டை போட்டோம். அவனுக்குக் கேட்டிருக்கிறது. இத்தனை வருடம் கதவைச் சாத்திவிட்டு நாம் பேசியதெல்லாம் கேட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த வார்த்தைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் கேட்க எனக்குத் தைரியம் வராது, அதனால் இதைக் கடிதத்தோடு முடித்துக்கொள்.

உன் அக்கா வாங்கிவந்த எண்ணெயில் மிச்சம் இருந்ததைத் தடவினேன். எஞ்சின் ஆயில் என்று கேலி செய்தது நான்தான். கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. இதை அவளிடம் சொல்லாதே, அவள் வாயை அடைக்க முடியாது.

அடுத்த விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் நான் யாரிடம் சொல்வேன்? அவன் கட்டிலோரம் குழாய் வைத்த தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டிருக்கிறாய் அல்லவா, காலையில் அதை நிரப்பிவிட்டுப் போவேன், மாலையில் காலியாக இருக்கும். எப்போதும் அரை வாளித் தண்ணீரோடு கிடக்கிற தரை துடைக்கும் வாளியை வெள்ளிக்கிழமை காயவைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் அதில் தெளிந்த தண்ணீர். வாடகை வீட்டில் குழாய்தான் ஒழுகுகிறது என்று நினைத்து மேலே எல்லாம் தேடினேன். அப்புறம்தான் புரிந்தது. அசையும் அந்த ஒரு கையால் பாட்டில் குழாயை வாளிக்குள் விட்டிருக்கிறான்.

கேட்டதற்கு முதலில் வேறு பேச்சுப் பேசினான். அதட்டினேன். அப்புறம் சொன்னான். 'தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். வந்தா தூக்கணும். அம்மாவுக்கு இடுப்பு வலிக்கும்ல.' எவ்வளவு நாளாக என்று கேட்டேன். நாலு வருஷம் இருக்கும் என்றான். போன வருடம் சிறுநீரகத்தில் கல் அடைத்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் துடித்தானே, தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டர் கேட்டதற்கு, தினமும் பாட்டில் காலியாகிறதே என்று நீ அடித்துச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? நீ பொய் சொல்லவில்லை. அவன்தான் நம் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறான்.

நான் வெளியே வாசற்படிக்குப் போனேன். அங்கிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்குக் கட்டியிருக்கும் கட்டையை உடைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அது இல்லாவிட்டால் சக்கர நாற்காலி உள்ளே போகும், பாதி தூக்கல் மிச்சம் என்று நீ பதினோரு வருடமாகச் சொல்கிறாய். வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று பதினோரு வருடமாக நான் சொல்கிறேன். அவர் 'அதுக்கென்ன, உடைச்சுக்கோங்க. முன்னாடியே கேட்டிருக்கலாமே' என்றார். உளியும் சுத்தியும் எடுத்து இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. சிமெண்டால் சரிவு போட்டுவிட்டேன். பதினோரு தூக்கல் ஆறாகிவிட்டது. என் இடுப்பு சரியாகும்வரை அதற்கும் தையல்காரம்மா ஒரு பக்கம் பிடிக்கிறார்.

இப்போது அவனை நன்றாகத் தண்ணீர் குடிக்க வைக்கிறேன். ஒண்ணுக்குப் போக இனி தூக்க வேண்டாம், நாற்காலியோடே உள்ளே தள்ளலாம் என்பதால், மணிக்கு ஒரு தடவை மகாராஜா மாதிரி 'அப்பா, ரதம் புறப்படட்டும்' என்று கூப்பிடுகிறான். அவனை நினைத்து நீ கலங்கி வேளைக்குச் சாப்பிடாமல் இருந்துவிடாதே. இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டார் வந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் வருவேன். தையல்காரம்மா அன்று முழுக்க இவனோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா


முப்பத்திரண்டாம் நாள்

குட்டியின் அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டு எழுதியிருக்கிறாய்.

வந்தேன்.

காவலாளி உன்னிடம் தந்த பையை வேறு யாரோ கொண்டுவந்தார்கள் என்று நீ நினைத்திருப்பாய். நான்தான் கொடுத்தேன். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். பொய் சொல்ல வைத்ததற்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பஸ் சீக்கிரமே வந்து சேர்ந்துவிட்டது. பத்து மணிக்குத்தான் உள்ளே விடுவோம் என்று சொன்னதால் கம்பிக் கதவருகே நின்றிருந்தேன். உள்ளே முற்றத்தில் துணி காயப்போடும் கயிற்றருகே நீ இன்னும் இரண்டு பெண்களோடு நின்றாய். முதலில் உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இருபத்துநாலு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவன் எழுதுகிற வரியா இது? ஆனால் அதுதான் உண்மை. நீ இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு போர்வையை உதறிக் கயிற்றில் போட்டாய். அந்தப் பெண்களில் ஒருத்தி ஏதோ சொன்னாள். நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். கதவு வரை கேட்டது.

நான் கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் நீ திரும்பிப் பார்ப்பாய். என்னைப் பார்த்ததும் முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். குட்டியோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்பாய். கேட்கும்போது உன் முகம் எப்படி ஆகும் என்பதும் தெரியும், ஏனென்றால் இத்தனை வருடம் நான் பார்த்தது அந்த முகத்தைத்தான். அதனால் கூப்பிடவில்லை.

காவலாளி நல்ல மனிதர். டீ குடிக்கும்போது, எண்ணெய் நிஜமாகவே கேட்கிறதா என்று விசாரித்தேன். 'பொம்பளைங்களுக்குப் பத்தே நாள்ல சரியாயிடும் சார். வீட்டுக்குப் போனா திரும்ப வந்துடும். அதோ அந்த டீச்சரம்மா இது மூணாவது தடவை' என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

நீ எண்ணெய் என்றாய், நான் மாத்திரை என்றேன், அதற்கு இவ்வளவு சண்டை. உன் வைத்தியரை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதே. உன்னைச் சரியாக்கியது நீ அவனைத் தூக்காமல் இருந்த நாட்கள். யாரும் உன்னைக் கூப்பிடாத நாட்கள். அதற்குத்தான் நீ பணம் கட்டியிருக்கிறாய். அதை நான் வீட்டிலேயே இலவசமாகத் தந்திருக்கலாம்.

திரும்பி வந்ததும் அம்மா எப்படி இருக்கிறது என்று குட்டி கேட்டான். நிமிர்ந்து நிற்கிறாள் என்றேன். சிரித்ததையும் சொன்னேன்.

மறுநாள் ஒர்க்ஷாப்பில் நம் பெயிண்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினேன். அவன் பெயிண்ட் அடிப்பதை நிறுத்திவிட்டு, எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கைக் காட்டினான். 'நூறு கிலோ எஞ்சினைக் கையால தூக்கினா இடுப்பு போயிடும்னு பன்னண்டு வருஷம் முன்னாடியே இதை வாங்கி மாட்டினீங்க. எஞ்சினுக்கு ஒரு நியாயம், அண்ணிக்கு ஒரு நியாயமாண்ணே?' என்றான். என்னை யாரும் இப்படிச் செருப்பால் அடித்ததில்லை. அடித்துவிட்டுத் திரும்பவும் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டான். அவன் சம்பளத்தை உயர்த்தலாம் என்று இருக்கிறேன்.

சின்னதாக ஒரு செயின் பிளாக் வாங்கிக் கட்டிலுக்கு மேலே கூரையில் கொக்கி அடித்து மாட்டியிருக்கிறேன். சீட் கவர் தைக்கிறவர் கெட்டித் துணியில் தூளி மாதிரி தைத்துத் தந்தார். முதலில் இரண்டு மூட்டை சிமெண்டை வைத்துத் தூக்கிப் பார்த்தேன். அடுத்து நான் உட்கார்ந்தேன், பெயிண்டர் சங்கிலியை இழுத்தான். அப்புறம்தான் குட்டி. முதல் நாள் தோள் கொஞ்சம் சிராய்த்துவிட்டது, இப்போது பஞ்சு வைத்துத் தைத்தாயிற்று. மேலே போகும்போது 'தூக்கினதுதான் தூக்கினீங்க, அடியில ஆயிலும் மாத்திடுங்க' என்றான். தையல்காரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு விரலால் சங்கிலியை இழுத்தால் அவன் எழும்புகிறான். நான் அதை இழுத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் உன்னை நினைக்கிறேன். அவன் என்றைக்கும் பாரமாக இருந்ததில்லை. நான் அவனை உன் ஒருத்தியிடம் விட்டதுதான் பாரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கடைசிக் கடிதத்தில், வலி சுத்தமாக இல்லை, அங்கே சமையற்கட்டில் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடிந்தது, இனி குட்டியைத் தூக்கலாம், நாற்பது முடிந்த அன்றே புறப்பட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைக் குட்டிக்குப் படித்துக் காட்டவில்லை. மூட்டையை எதற்குத் தூக்கினாய்? யார் தூக்கச் சொன்னார்கள்? நீ பக்கத்தில் இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் உன் அக்காவிடம் அடுத்த நாற்பது நாளுக்கான பணத்தைக் கொடுத்திருக்கிறேன். நாற்காலிக்காக வைத்திருந்ததில் மிச்சம் அது. குட்டியிடம் கேட்டுத்தான் எடுத்தேன். அவள் அதை வாங்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய அதிசயம். மேற்கொண்டு எண்ணெய் தேவையில்லை என்று வைத்தியர் சொன்னாலும் நீ அங்கேயே இரு. போர்வை காயப்போடு. அந்தப் பெண்களோடு பேசிக்கொண்டிரு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாசலுக்கு எதிரே இரண்டு பஸ் நிற்கின்றன. ஒன்று நம் ஊருக்கு வருவது, மற்றது உன் அக்கா ஊருக்குப் போவது. காத்திருந்த நேரத்தில் இரண்டின் பலகையையும் படித்தேன். நீ வெளியே வரும் அன்று எதில் ஏறத் தோன்றுகிறதோ அதில் ஏறு. எதில் ஏறினாலும் எனக்கு உன்மேல் வருத்தம் இல்லை. இந்த வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எழுதிவிட்டேன், இனி வாய்ப்பேச்சு மாதிரி மாற்றிப் பேச முடியாது.

உன் உடம்பு நன்றாக இருக்கட்டும். வலி உன் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போகட்டும். வேளைக்குச் சாப்பிடு, வெயில் ஏறும்வரை தூங்கு.

முடிப்பதற்கு முன்னால் அம்மாவுக்கு என்ன எழுதட்டும் என்று குட்டியைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். 'நான் நல்லா இருக்கேன்னு எழுதுங்க. வான்னு மட்டும் எழுதாதீங்கப்பா. எழுதினா அம்மா வந்துடும்' என்றான்.

அதனால் அதை எழுதவில்லை.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா